பிரவுன் கிரையான்

மழலையர் வகுப்பில் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. ஒரு நாளில் நான் அதிகம் சொல்வது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: "ஷேர் பண்ணு." முதல் சில வருடங்கள் அதோடு, "அவன் இடத்துல நீ இருந்தா உனக்கு எப்படி இருக்கும்?" என்றும் கேட்பேன். குழந்தை தலையைக் குனிந்துகொண்டு பொருளைக் கொடுத்துவிடும். நானும் நிம்மதியாக அடுத்த மேசைக்குப் போய்விடுவேன். நான் கேட்டது கேள்வியே இல்லை, அதட்டல்தான் என்று புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

அதைப் புரியவைத்தவன் நாலு வயதுப் பையன். அன்று மேசைக்கு ஒரு கிரையான் டப்பா. அவன் அதை மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு சிறுமி குதிரை வரைந்துகொண்டிருந்தாள். உடம்பு முழுக்கத் தீட்டியாகிவிட்டது, வால் மட்டும் பாக்கி. அவள் கையை நீட்ட, நான் வழக்கம்போல் "ஷேர் பண்ணு" என்றேன். அவன் டப்பாவைக் கிளறி அடியிலிருந்து நீலத்தை எடுத்தான். சுற்றியிருந்த காகிதமெல்லாம் உரிந்து, பாதி விரல் நீளத்துக்குத் தேய்ந்த துண்டு. அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அழுதாள்.

தூரத்திலிருந்து பார்த்திருந்தால், தேய்ந்த துண்டைத் தள்ளிவிடுகிறான் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். ஆனால் அவன் தினமும் வரைவது நீலத்தில்தான்; தேய்ந்ததே அதனால்தான். இருந்ததிலேயே ஆசையானதைக் கொடுத்திருக்கிறான். கொடுத்தும் ஏன் அழுகிறாள் என்று அவனுக்கு விளங்கவே இல்லை. "அவ என்ன வரையறா, பாரு" என்றேன். எட்டிப் பார்த்தான். பிரவுனை எடுத்து நீட்டினான். அப்புறம் நீலத்தைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

1997இல் பெட்டி ரெபாசொலி, ஆலிசன் கோப்னிக் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆய்வாளர் குழந்தையின் எதிரில் பிஸ்கட்டைத் தின்று முகம் சுளிப்பார், ப்ரோக்கோலியைத் தின்று முகம் மலர்வார். பிறகு எனக்குக் கொடு என்று கை நீட்டுவார். 14 மாதக் குழந்தைகள் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தார்கள். 18 மாதக் குழந்தைகள் அவருக்குப் பிடித்ததைக் கொடுத்தார்கள். ஒன்றரை வயதில் முடிவது என் பையனுக்கு நாலு வயதில் ஏன் முடியவில்லை? அங்கே அந்த முகம் குழந்தைக்கு நேர் எதிரில் இருந்தது. இவன் கண்ணோ டப்பாவிலேயே இருந்தது. குதிரையின் வாலை அவன் பார்க்கவே இல்லை.

"பகிர்ந்துக்கணும்னு தெரியாதா?" என்று கேட்பதையும் நான் விட்டுவிட்டேன். அவர்களுக்குத் தெரியும். கிரெய்க் ஸ்மித், பீட்டர் பிளேக், பால் ஹாரிஸ் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 8 வயது வரையான குழந்தைகளிடம் ஸ்டிக்கர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சரிபாதி கொடுக்க வேண்டும் என்று மூன்று வயதுக் குழந்தைகளும் சொன்னார்கள். ஆனால் சின்னவர்கள் தங்களுக்கே அதிகம் வைத்துக்கொண்டார்கள். அப்படித்தான் செய்வோம் என்று முன்கூட்டியே ஒளிக்காமல் சொல்லவும் செய்தார்கள். சொல்லும் செயலும் ஒன்றாக ஏழு, எட்டு வயது ஆகிறது.

அடுத்தவர் மனதைப் படித்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி பூதக்கண்ணாடியைப் புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். ஏன் என்று கேட்டேன். "அவனுக்கு இது ரொம்பப் பிடிக்கும் மிஸ், அதான்." எனக்குப் பதில் வரவில்லை. அவன் மனதைத் துல்லியமாகப் படித்திருக்கிறாள், படித்ததால்தான் ஒளித்திருக்கிறாள்.

அவர்கள் இருவருக்கும் நடுவே நிலைமை மாறியது சேர்ந்து செய்த வேலையால். கத்தரினா ஹமான் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு செய்து பார்த்தேன். அதில் மூன்று வயதுக் குழந்தைகள் இருவர் இருவராகக் கயிறு இழுத்துக் கோலிகளை வரவைத்தார்கள். சேர்ந்து இழுத்து, ஒருவருக்கு மூன்றும் மற்றவருக்கு ஒன்றும் வந்தபோது, அதிகம் கிடைத்தவர் பெரும்பாலும் ஒன்றைக் கொடுத்துச் சமன் செய்தார். உழைக்காமல் தானாக வந்த கோலிகளை அந்த அளவுக்குக் கொடுக்கவில்லை. அதனால் பூதக்கண்ணாடிப் பெட்டியை அவர்கள் இருவரையும் சேர்ந்து தூக்கிவரச் சொன்னேன். முதல் வாரம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒருநாள், "இந்தா, எறும்பு ஓடிடும், சீக்கிரம் பாரு" என்று அவளே அவன் கையில் திணித்தாள்.

இத்தனையும் படித்த நானே போன மாதம் தவறினேன். ஒரு பையன் வெகுநேரமாகக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இன்னொருவன் வந்து கேட்டதும், அவனுடையதிலிருந்து இரண்டை எடுத்து நீட்டிவிட்டேன். அவன் கத்தவில்லை, காலியான இடத்தில் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டான். மண்டியிட்டு அவன் உயரத்திலிருந்து பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன கார் நின்றது. "அது கூரை மிஸ். மழை பெஞ்சா நனைஞ்சிடும்."

மன்னிப்புக் கேட்டு, வந்தவனிடமிருந்து இரண்டு கட்டைகளையும் வாங்கித் திரும்ப வைத்தேன். அவன் போகவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"கார் எப்ப வெளிய வரும்?" என்று கேட்டான்.