பூசாமல் விட்ட சுவர்

பார்சிலோனாவின் பழைய ஊர்ப்பகுதிக்கு 'பாரி கோத்திக்' என்று பெயர். நண்பகலிலும் வெயில் தரையைத் தொடாத சந்துகள். எதிரே ஒருவர் வந்தால் தோளைச் சாய்த்து வழிவிட வேண்டும்.

எல்லோரையும் போல நானும் முதலில் பிஷப் தெருவின் குறுக்கே வளைந்து நிற்கும் கல்பாலத்தைத்தான் படம் எடுத்தேன். அதன் கல்வேலையைப் பார்த்தால் 600 ஆண்டுப் பழையது என்று யாரும் சத்தியம் செய்வார்கள். கட்டியதோ 1928இல். பக்கத்துப் பேராலயத்தைக் கட்டத் தொடங்கியது 1298இல். ஆனால் நாம் அண்ணாந்து பார்க்கிற அந்த முகப்பு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய வேலை. பழையதைத் தேடி வந்த எனக்கு இது வருத்தமாகவே இருந்தது.

பழையதும் இருக்கிறது. பரதீஸ் தெருவில் 10ஆம் எண் கதவுக்குள் நுழைந்தால், முற்றத்தில் அகஸ்டஸ் கோயிலின் நான்கு ரோமானியத் தூண்கள். சான்ட் இவ் சதுக்கத்துச் சுவரில் எபிரேய எழுத்து வெட்டிய கற்கள். 1391இல் நடந்த யூதர் படுகொலைக்குப் பின் அவர்களின் இடுகாட்டிலிருந்து பெயர்த்துவந்த கல்லறைக் கற்கள் அவை. ஒருவர் பெயரை எழுதி நட்ட கல்லை எடுத்துச் சுவர் எழுப்ப எப்படித்தான் மனம் வந்ததோ!

ஆனால் இதை நான் எழுத உட்கார்ந்ததே சான்ட் ஃபெலிப் நேரி சதுக்கத்துக்காக. நடுவில் சிறிய நீரூற்று, ஓரத்தில் தேவாலயம். ட்ராம் மோதிய அன்று கட்டடக் கலைஞர் கௌடி நடந்து வந்துகொண்டிருந்தது இந்தத் தேவாலயத்துக்குத்தான். அதன் சுவரெங்கும் அம்மைத் தழும்பைப் போலக் குழிகள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், 1938 ஜனவரி 30 அன்று, அரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி பிராங்கோவுக்குத் துணை வந்த இத்தாலிய விமானங்கள் வீசிய குண்டு. 42 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேவாலயத்தின் நிலவறையில் ஒளிந்திருந்த குழந்தைகள்.

ஒரு குழிக்குள் விரல்களை விட்டேன். மூன்று விரல் கணுவரை இறங்கியது. விளிம்பை மழை மழுக்கியிருந்தது. உள்ளே கல் இன்னும் சொரசொரப்பாக இருந்தது. போருக்குப் பின், செம்பு வேலை செய்யும் கன்னார் சங்கத்தின் பழைய கட்டடத்தை வேறிடத்திலிருந்து பெயர்த்துவந்து இந்தச் சதுக்கத்தில் நிறுத்தினார்கள். அவ்வளவு செய்தவர்கள், குழிகளை மட்டும் பூசவில்லை. அதற்காக அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

சதுக்கத்தை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. இடைவேளைக்குப் பிள்ளைகள் பந்தோடு ஓடி வந்தார்கள். ஒரு சிறுமி அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, அவிழ்ந்த காலணிக் கயிற்றை நிதானமாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.