கை கொடுக்கும் வேலை

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்று ஒரு சிறிய ஊர். பெரிய பயணிகள் கப்பலைக் கரையோரம் நிறுத்த அங்கே துறை கிடையாது. ஃப்ரெஞ்ச்மன் விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிட்டு, டெண்டர் என்று நாங்கள் சொல்லும் சின்னப் படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். கப்பலின் மேல்தளப் பிரிவில் ஏபி, அதாவது தேர்ச்சி பெற்ற மாலுமி நான். அங்கே என் வேலை, கப்பலின் பக்கவாட்டுக் கதவில் நின்று பயணிகளைப் படகில் ஏற்றி இறக்குவது. கப்பல் அசையாமல் நிற்கும். படகு அலையோடு ஏறி இறங்கும். படகு மேலே வரும் அந்த ஒரு நொடியில் பயணி கால் வைக்க வேண்டும். அதுவரை அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உள்ளங்கையைப் பிடித்தால் வழுக்கும். முழங்கைக்குக் கீழே ஒருவரை ஒருவர் பற்றிக்கொள்ள வேண்டும். முதல் நாளே எங்கள் மாலுமிகளின் தலைவரான போசன் சொல்லித் தந்தது இது.

2018 அக்டோபரில் ஒரு நாள், எண்பது வயதை நெருங்கிய ஒரு அம்மாள் படகில் ஏறாமல் கதவருகே நின்றுவிட்டார். பயம் என்று நினைத்தேன். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேடிலாக் மலை, 466 மீட்டர் உயரம், இளஞ்சிவப்பு கிரானைட் பாறை. கீழ்ச்சரிவெல்லாம் மேப்பிளும் பிர்ச்சும் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. "இங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில்தான் என் வீடு. கல்யாணமான வருஷத்திலிருந்து இந்த மலைக்கு வருகிறேன். கடலிலிருந்து இது இப்படி இருக்கும் என்று தெரியாது" என்றார். பின்னால் வரிசை நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

வசந்த காலத்திலும் கோடையிலும் எங்கள் கப்பலில் வருபவர்கள் வேறு மாதிரி. விமானம் ஏறி, கண்டம் தாண்டி வருவார்கள். செப்டம்பர், அக்டோபரில் பாஸ்டனிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ வடக்கே கிளம்பும் பயணத்தில் பாதிப் பேர் சொந்தக் கார் ஓட்டித் துறைமுகத்துக்கு வந்தவர்களாக இருப்பார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், தங்கள் ஊர்ப்பக்கத்தையே பார்க்கக் கிளம்பியவர்கள். இவ்வளவு பக்கத்தில் இருப்பதைப் பார்க்க ஏன் இவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று முதல் சீசனில் எனக்குப் புரியவில்லை.

"பக்கத்து ஊருக்குப் போக எதற்கு பாஸ்போர்ட்?" என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். 1886-இல் போட்ட ஒரு அமெரிக்கச் சட்டம்தான் காரணம். எங்கள் கப்பல் போல வெளிநாட்டில் பதிவாகி அந்நாட்டுக் கொடியோடு ஓடும் கப்பல், அமெரிக்கத் துறைகளில் மட்டுமே நின்று பயணிகளைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்ப முடியாது. நடுவே ஒரு வெளிநாட்டுத் துறையிலாவது நிற்க வேண்டும். அதனால்தான் மெய்னைத் தாண்டி கனடாவின் செயின்ட் ஜான், ஹாலிஃபாக்ஸ், சார்லட்டவுன், சில பயணங்களில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குள் நுழைந்து கியூபெக் வரை போகிறோம்.

செயின்ட் ஜான் துறையை நான் மறக்க மாட்டேன். அது ஃபண்டி விரிகுடாவில் இருக்கிறது. உலகிலேயே மிக உயரமான ஓதம் அந்த விரிகுடாவில்தான். அதன் உள்முனையில் 16 மீட்டர் வரை தண்ணீர் ஏறும். செயின்ட் ஜானில் அதில் பாதி, எட்டு மீட்டருக்கு மேல். காலையில் கட்டிய கப்பல் மதியத்துக்குள் இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பிவிடும். ஆறு மணி நேரம் ஏற்றம், ஆறு மணி நேரம் இறக்கம். கட்டிய கயிறுகளைத் தளர்த்துவதும் இழுப்பதுமாகவே நாள் போகும். கரையிலிருந்து கப்பலுக்குள் ஏறும் பாதையான கேங்வேயின் சரிவும் மாறிக்கொண்டே இருக்கும்.

என் முதல் சீசனில் அங்கே கேங்வே காவலில் நின்றபோது, கரையிலிருந்து திரும்பிய பயணி ஒருவரிடம் பேச்சில் மூழ்கிவிட்டேன். அதற்குள் சரிவு செங்குத்தாகிவிட்டது. வாக்கர் பிடித்து ஏறிய ஒரு பெரியவர் நடுவில் நின்றுவிட்டார். மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவருடைய தோள் என் கையில் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அதன்பின் அந்தத் துறையில் அரைமணிக்கு ஒருமுறை தண்ணீர் மட்டத்தைப் பார்க்காமல் இருந்ததில்லை.

இலையுதிர்காலத்தில் மரங்களின் இலைகளுக்கு அந்தச் சிவப்பும் மஞ்சளும் எப்படி வருகிறது என்று எங்கள் கப்பலில் பேச வந்த ஒரு இயற்கை ஆர்வலர் விளக்கினார். பகல் குறையும்போது மரம் பச்சையத்தைச் சிதைக்கத் தொடங்குகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு மட்டும் அப்படியல்ல, அந்த நாட்களில் இலை புதிதாக உண்டாக்குவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்பு தூக்கலாக இருக்கும். அதனால் எந்த வாரம் எந்த நிறம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பயணிகள் எங்களிடம் கேட்பார்கள். நேற்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வேன்.

2020, 2021 இரண்டு ஆண்டும் கொரோனாவால் கனடா, பயணிகள் கப்பல்களைத் தன் துறைகளுக்குள் விடவில்லை. 2022-இல் திரும்பினோம். அந்த நவம்பரில் பார் ஹார்பர் மக்கள், ஒரு நாளைக்கு ஆயிரம் பயணிகளுக்கு மேல் இறங்கக்கூடாது என்று வாக்களித்தார்கள். எங்கள் மெஸ்ஸில் பலருக்கு வருத்தம். எனக்கு அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே பட்டது. ஐந்தாயிரம் பேர் வாழும் ஊரில் ஒரே காலையில் மூவாயிரம் பேரை நானே இறக்கிவிட்டிருக்கிறேன். அந்த விரிகுடா முழுக்க சிங்கிறால் பிடிப்பவர்களின் மிதவைகள் இருக்கும். ஆளுக்கொரு நிற அடையாளம். படகின் அடியில் சுழலும் விசிறியில் அந்த மிதவையின் கயிறு சிக்கினால் யாரோ ஒருவரின் கூண்டு கடலடியில் தொலைந்துபோகும். நாங்கள் ஒதுங்கித்தான் போவோம். ஆனாலும் அது அவர்கள் முற்றம்.

செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குள் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் மீது மோதிவிடாமல் இருக்கப் பல இடங்களில் பத்து நாட், அதாவது மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம் வேகம்தான். உலகில் நானூறுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் உயிர். இரவுக் காவலில், கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் நின்று இருட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு இரவு பனிமூட்டம். அந்த நீர்வழியில் கப்பலுக்கு வழிகாட்ட ஏறி, கூட நின்ற கனடியப் பைலட், நான் தமிழன் என்று தெரிந்ததும், "1986 தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அவர்தான் சொன்னார்.

1986 ஆகஸ்ட் 11. நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரைக்கு அப்பால், இதே போன்ற பனிமூட்டத்தில், லைஃப்போட் என்னும் உயிர்காப்புப் படகுகள் இரண்டில் 155 இலங்கைத் தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து அவர்களை ஏற்றிவந்த கப்பல் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அந்த ஊர் மீனவர்கள் கண்டு, தங்கள் படகுகளில் ஏற்றினார்கள்.

வாரந்தோறும் டிரில்லில் நான் இறக்கி ஏற்றும் லைஃப்போட் 150 பேருக்கானது. அதற்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முழங்காலோடு முழங்கால் இடிக்கும். பனிமூட்டத்தில் கரை எந்தப் பக்கம் என்றே தெரியாமல் அதில் நாட்களைக் கழித்தவர்களை நினைத்தபோது அன்று காவல் முடிந்தும் தூக்கம் வரவில்லை. மீன்படகிலிருந்து நீண்ட கைகளையும் நினைத்துக்கொண்டேன். அவர்களும் முழங்கையைத்தான் பிடித்திருப்பார்கள்.

அந்த ஒப்பந்தம் முடிந்து நாகர்கோவிலுக்கு வந்தேன். அம்மாவுக்கு எழுபத்தொன்று. கன்னியாகுமரி இருபது கிலோமீட்டர்தான். எத்தனையோ விருந்தாளிகளை விவேகானந்தர் பாறைக்கு அனுப்பியிருக்கிறார். அவர் மட்டும் ஒருநாளும் படகு ஏறியதில்லை. "நமக்கு எதுக்கு மக்களே, எப்ப வேணாலும் போயிக்கலாம்" என்பார். இந்த முறை கூட்டிப் போனேன்.

படகு ஆடிக்கொண்டிருந்தது. ஊழியரிடம் அனுமதி கேட்டு நான் முதலில் ஏறி நின்றேன். "கையை இல்லம்மா, முழங்கைகிட்ட பிடி. இப்ப வைக்காதே. படகு மேலே வரட்டும். சரி, இப்ப வை." வைத்தார்.

கரை விலக விலக, தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம் சிறுத்துக்கொண்டே போனது. அதற்குப் பின்னால் மருந்துவாழ் மலை, அதற்கும் பின்னால் மலைத்தொடர் நீலமாக எழுந்தது. அம்மா பாறையைப் பார்க்கவே இல்லை. திரும்பி உட்கார்ந்து ஊர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீடு இதுல எந்தப் பக்கம் வரும் மக்களே?" என்றார். கை நீட்டிக் காட்டினேன்.