கோலமாவு நோயாளி

2025 மே 7 அன்று நாடெங்கும் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை நடந்ததே, அதில் கல்பாக்கமும் இருந்தது. எங்களுக்கோ அஞ்சுகிராமம் தாண்டினால் கூடங்குளம் அணுமின் நிலையம். மேலிடம் விழித்துக்கொண்டது. நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். கதிர்வீச்சு நோயாளிகளைப் பார்க்கத் தயாராக மூன்று வாரம் கொடுத்தார்கள்.

முதல் வகுப்பில் பாதிப் பேர் கடைசி பெஞ்சில். புதிதாகச் சேர்ந்த பிள்ளை, "சிஸ்டர், எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல்ல" என்று காதில் சொன்னது. பயிற்சி தர வந்த டாக்டர் ஒரு பிடி மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணலைக் கவரில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். கதிர்வீச்சை அளக்கும் மீட்டரைக் கிட்டே வைத்ததும் டிக்டிக்கென்று அடித்தது. அந்த மணலில் உள்ள மோனசைட் தாதுவில் கதிர் வீசும் தோரியம் இருக்கிறதல்லவா. இரண்டடி தள்ளிவைத்தார், சத்தம் அடங்கிவிட்டது. கதிர் பட்டு வருகிறவர் எக்ஸ்ரே எடுத்தவர் மாதிரிதான், அவரால் நமக்கு ஒன்றும் இல்லை. மேலே கதிரியக்கத் தூசி ஒட்டியிருந்தால் அதைத்தான் கவனிக்கணும் என்றார். பிள்ளை முன் பெஞ்சுக்கு வந்தது.

ஒத்திகை நாளில் அட்டெண்டர் அண்ணன்தான் நோயாளி. தூசிக்குக் கோலமாவு, தொடையில் சிவப்பு மை. இரட்டைக் கையுறை, கவுன், டேப் எல்லாம் கச்சிதமாகப் போட்டு, தலையிலிருந்து மீட்டரை ஓட்ட ஆரம்பித்தோம். இடுப்புக்கு வருவதற்குள் அண்ணன் கண்ணைத் திறந்து, "மக்களே, நான் ரத்தம் போயி செத்து ரெண்டு நிமிசம் ஆச்சு" என்றார். டாக்டரும் அதையேதான் சொன்னார்: முதலில் மூச்சு, ரத்தப்போக்கு. மீட்டர் பிறகு.

அடுத்த தப்பு பனியன். தலைவழியே உருவினோம், மாவெல்லாம் அவர் மூக்கில். துணியைக் கழற்றினாலே ஒட்டிய தூசியில் 80–90 சதவீதம் போய்விடும், சரி. ஆனால் முன்பக்கம் வெட்டி, உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி எடுக்கணும். எங்கள் கத்தரிக்கோல் லுங்கியைக்கூட வெட்டவில்லை. புதிதாகப் பெரிய கத்தரி வாங்கினோம்.

பிரஷ்யன் ப்ளூ மாத்திரை கேட்டபோது ஃபார்மசிக்காரர், "அது பெயிண்ட் கடையில அல்லவா கிட்டும்?" என்றார். சாயமும் அதுதான். 1987இல் பிரேசிலின் கோயானியாவில் நடந்த கதிரியக்க விபத்தில், சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் உடம்புக்குள்ளே போனவர்களுக்குக் கொடுத்த மருந்தும் அதுவே. அந்த ஊரில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 1,12,000 பேர். தூசி ஒட்டியிருந்தது 249 பேருக்கு. எனக்கு அந்தக் கணக்குதான் பெரிய பயம். பயந்து ஓடிவருகிற கூட்டத்தைக் கார் ஷெட்டிலேயே நிறுத்திப் பார்க்கணும், கேஷுவாலிட்டி வாசலுக்கு விடக்கூடாது என்று அடம்பிடித்து எழுதவைத்தேன்.

எவ்வளவு கதிர் பட்டது என்று கணிக்கிற லேப்தான் இன்னும் இழுபறி. வாந்தி எடுத்த நேரத்தைப் போர்டில் எழுதிவிடலாம். லிம்போசைட் என்கிற வெள்ளை அணு குறைகிறதா என்று ஆறு மணிக்கொருதரம் ரத்தம் பார்க்க, ராத்திரி டியூட்டியில் இருப்பது ஒரே ஒருத்தர்.

வாங்கிய கத்தரி மூன்றாம் நாள் காணோம். ஆர்த்தோ வார்டில் கட்டு வெட்டிக்கொண்டிருந்தது. இப்போது சங்கிலி போட்டு வைத்திருக்கிறோம்.