சூடானால் இறுகும் முன் பிரேக்: கோளாறு எந்த இடத்தில் என்று பிரித்துப் பார்த்த முறை

வண்டி 150 சிசி. முன்னால் ஒற்றை டிஸ்க், அதைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் இரண்டு பிஸ்டன் கேலிப்பர், ஏபிஎஸ் கிடையாது. காலையில் எடுக்கும்போது பிரேக் நன்றாக இருக்கும். நெரிசலில் கொஞ்ச தூரம் ஓடியதும் பிரேக் பிடிக்கும் முன் லீவர் சும்மா அசையும் தூரம் குறையும். பிறகு லீவர் கல்லாக இறுகும், முன் சக்கரம் தானாகவே பிடிக்கும். ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல் சக்கரம் சுற்றும். பேடு மாற்றி, பிரேக் ஆயிலில் சிக்கிய ஏர் எடுத்து, கேலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகும் இதே கதை திரும்பி வந்தது.

இந்தக் கோளாறு பட்டறையில் பிடிபடாததற்குக் காரணம் எளிது. வண்டி பட்டறைக்குப் போய்ச் சேரும்போது ஆறியிருக்கும். மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பார், நன்றாகச் சுற்றும். எதையாவது மாற்றி அனுப்பிவிடுவார். எனவே சோதனை முழுவதையும் சக்கரம் ஜாம் ஆகியிருக்கும்போதே செய்தாக வேண்டும். பட்டறை வாசலைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, பிடித்த கையோடு உள்ளே தள்ளி வந்து பார்ப்பதுதான் வசதி. சோதனையில் ஆயில் வெளியேறும், ஏர் உள்ளே போகும். ஏர் எடுக்காமல் வண்டியை நகர்த்த முடியாது என்பதால் நடுரோட்டில் இதைச் செய்யக் கூடாது.

அதற்கு முன்பு, ஆறிய வண்டியில் சக்கரப் பக்கத்துக் காரணங்களை ஒதுக்கிவிட வேண்டும். மெயின் ஸ்டாண்டில் போட்டு, முன் சக்கரம் தரையைத் தொடாதபடி இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்துச் சுற்றுங்கள். சுற்றுக்கு ஒருமுறை மட்டும் உரசினால் டிஸ்க் வளைந்திருக்கிறது என்று பொருள். டயல் கேஜ் (சிறு வளைவையும் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், அனுமதி அளவு வண்டியின் மேனுவலில் இருக்கும். சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் போட்ட பிறகு பிரச்சினை ஆரம்பித்திருந்தால் ஆக்ஸிலை, அதாவது சக்கரத்தின் நடுத்தண்டைச் சந்தேகப்படலாம். ஆக்ஸிலை முறுக்கிய பிறகு ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கி விட்டு, அதன் பின்தான் ஃபோர்க் அடியில் உள்ள பிடிப்பு போல்ட்டை முறுக்க வேண்டும். வரிசை மாறினால் ஃபோர்க் கால் ஒரு பக்கமாக இழுத்து நிற்கும், கேலிப்பர் டிஸ்க்குக்கு நேராக உட்காராது. இந்த வண்டியில் இரண்டுமே சரியாக இருந்தன.

இனி ஜாம் ஆன நிலையில் சோதனை. மேலிருந்து கீழே போக வேண்டும், அதுதான் முக்கியம். பலர் முதலில் கேலிப்பர் நிப்பிளை (ஏர் எடுக்கத் திறக்கும் சிறு திருகு) திறந்துவிடுவார்கள். அழுத்தம் மொத்தமும் ஒரே நொடியில் போய்விடும். அது ஆயில் அழுத்தத்தால் வந்த ஜாம் என்பது மட்டும் தெரியும், அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தது எது என்பது தெரியாமலே போகும்.

முதலில் லீவரின் பிவட் போல்ட்டைக் கழற்றி லீவரையே எடுத்துவிடுங்கள். சக்கரம் விட்டுவிட்டால் குற்றவாளி லீவர்தான். வெளியில் வாங்கிப் போட்ட அலங்கார லீவர்கள் மாஸ்டர் சிலிண்டர் (லீவரை இழுக்கும்போது ஆயிலை அழுத்தும் பகுதி) பிஸ்டனை ஓய்வு நிலையிலும் ஒரு மயிரிழை உள்ளே தள்ளி வைத்திருப்பது உண்டு. இரண்டாவது, மாஸ்டர் சிலிண்டரில் ஓஸ் (ஆயில் போகும் ரப்பர் குழாய்) சேரும் பேன்ஜோ போல்ட்டைத் துணி சுற்றிக் கால் சுற்று தளர்த்துவது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஆயில் பீய்ச்சும். பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் இருக்கட்டும். டேங்க்கில் பட்ட பிரேக் ஆயிலை உடனே கழுவாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும். இங்கே சக்கரம் விட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில். விடவில்லை என்றால் மூன்றாவதாகக் கேலிப்பர் நிப்பிள். அங்கே விட்டால் ஓஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது: வெளியே புதிது போல் இருக்கும், உள்ளே ஒருவழி வால்வாகிவிடும். நிப்பிளைத் திறந்தும் விடவில்லையா? ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேலிப்பர் பிஸ்டனோ நழுவும் பின்னோ துருவில் சிக்கியிருக்கிறது.

இந்த வண்டியில் லீவரை எடுத்தும் மாற்றமில்லை. பேன்ஜோ போல்ட்டைத் தளர்த்தியதும் ஆயில் சீறியது, சக்கரம் விட்டது. கோளாறு மாஸ்டர் சிலிண்டரில் என்பது உறுதி.

மாஸ்டர் சிலிண்டரின் மேல் உள்ள ஆயில் டப்பாவின் அடியில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். பெரிய ஓட்டை எல்லோர் கண்ணிலும் படும். பக்கத்தில் ஊசிமுனை அளவில் இன்னொன்று உண்டு, சில வண்டிகளில் ஒரு சிறு தகடு அதை மறைத்திருக்கும். சூட்டில் விரிவடையும் ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வரும் வழி இந்தச் சின்ன ஓட்டைதான். அது அடைத்தால் விரிந்த ஆயிலுக்குப் போக இடமில்லை, கேலிப்பர் பிஸ்டனைத் தள்ளும். பேடு டிஸ்க்கில் உரசும், உரசலில் சூடு ஏறும், ஆயில் இன்னும் விரியும். லீவர் இறுகிக்கொண்டே போவது இதனால்தான்.

ஓட்டை திறந்திருக்கிறதா என்று பார்க்க, மூடியைக் கழற்றி லீவரை மிக மெதுவாக, முதல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் இழுக்கவும். ஆயிலின் மேல்பரப்பில் ஒரு குட்டி ஊற்று எழும்ப வேண்டும். இதில் எழும்பவில்லை. அடியில் பழுப்பு நிறத்தில் கூழ் போல் படிந்திருந்தது. கிளட்ச் கேபிளின் ஒற்றை இழையால் குத்தியதும் அடைப்பு விலகியது. கிதார் கம்பியில் மிக மெல்லியதும் இதற்கு ஆகும், ஓட்டையைப் பெரிதாக்கும் எதுவும் ஆகாது.

பல இடங்களில் வேலை இந்தக் கட்டத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அடைப்பு நீங்கிய பிறகும் இந்த வண்டியில் ஊற்று எழவில்லை.

டப்பா மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் டயஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) கையில் இருந்த துப்பு. அது தன் அளவைவிட விரிந்து, மடிப்புகள் சுருங்கி, மூடிக்குள் திரும்ப உட்கார மறுத்தது. பிரேக் ரப்பர்கள் கிளைக்கால் (glycol) வகை ஆயிலுக்கென்றே செய்யப்பட்டவை. பெட்ரோல், டீசல், இன்ஜின் ஆயில் எது பட்டாலும் ஊதும். பழைய ஆயிலில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டுக் கலக்கினால் சந்தேகம் தீரும். சுத்தமான பிரேக் ஆயில் தண்ணீரோடு கரைந்துவிடும். டம்ளரின் மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது. யாரோ வேறு ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள், அல்லது பாகங்களைப் பெட்ரோலில் கழுவி மாட்டியிருக்கிறார்கள். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனில் உள்ள கப் ரப்பர் ஊதிப்போய், ஓய்வு நிலையிலும் அந்தச் சின்ன ஓட்டையை மூடிக்கொண்டிருந்தது. எத்தனை பேடு மாற்றினாலும் இது தீராது.

எண்ணெய் கலந்தது என்று தெரிந்த பிறகு ஒரு ரப்பரை மட்டும் மாற்றுவது காசைக் கரியாக்குவது. பிஸ்டன், ஸ்பிரிங், கப் எல்லாம் சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் கிட், டயஃப்ரம், கேலிப்பர் சீல்கள், ஓஸ், பேன்ஜோ போல்ட்டின் இரு பக்கமும் வரும் வாஷர்கள் என மொத்தமும் புதிதாகப் போட வேண்டும். சிலிண்டர் உள்சுவரில் நகம் மாட்டும்படி குழி இருந்தால் கிட் போட்டும் பயனில்லை, முழு அசெம்ப்ளிதான் வழி. இதில் சுவர் வழவழப்பாகவே இருந்தது.

கழுவப் புது பிரேக் ஆயில் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மட்டும். கேலிப்பரில் பழைய சீலை எடுத்ததும் அது உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். அலுமினியம் அரித்த வெள்ளைப் பொடி அங்கே கெட்டிப்பட்டிருக்கும். கடற்கரை ஊர் வண்டிகளில் இது அதிகம். அதைச் சுரண்டாமல் புது சீல் போட்டால் சீல் வெளியே துருத்திப் பிஸ்டனை நெரிக்கும். சதுர வெட்டுள்ள அந்தச் சீல்தான் லீவரை விட்டதும் பிஸ்டனைப் பின்னால் இழுப்பது. நழுவும் பின்களுக்கு சிலிக்கான் கிரீஸ் பூச வேண்டும், சாதா கிரீஸ் அங்கே உள்ள ரப்பர் உறையையும் ஊத வைத்துவிடும்.

ஆயில் எந்த வகை என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் இழுத்த பிறகு 155 வரை இறங்கலாம். போன வருடம் பிரித்த பாட்டிலை ஊற்ற வேண்டாம். ஏர் எடுக்க, லீவரை அமுக்கிப் பிடித்து, நிப்பிளைக் கால் சுற்று திறந்து, மூடிய பிறகே லீவரை விட வேண்டும். டப்பா காலியாக விடக் கூடாது. ஒற்றை டிஸ்க்குக்கு 250 மில்லி பாட்டில் தாராளம். ஏபிஎஸ் வண்டியானால் நடுவில் ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டர் இருக்கிறது. அதற்குள் ஏர் சிக்கினால் சில மாடல்களில் ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாது.

டப்பாவை விளிம்பு வரை நிரப்பும் பழக்கமும் இதே ஜாமை வரவழைக்கும். பேடு தேயத் தேய மட்டம் இறங்குவது இயல்பு. அதைப் பார்த்து ஆயிலை ஏற்றிவிட்டு, பிறகு புதுப் பேடு போட்டால் பிஸ்டன் பின்னால் போகும்போது ஆயில் மூடியை முட்டும். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது.

வேலை முடிந்து மூடியைப் போடும் முன்பு ஊற்றைப் பார்த்தோம், எழும்பியது. பிறகு நெரிசலில் நன்றாகச் சூடேற்றி, கடைசிச் சில கிலோமீட்டர் பின் பிரேக்கை மட்டும் பயன்படுத்தி ஓட்டி வந்து நிறுத்தி, முன் டிஸ்க்கில் சில துளி தண்ணீர் தெளிக்க வேண்டும். சுர்ரென்று ஆவியானால் பேடு இன்னும் உரசுகிறது. இதில் துளி அப்படியே வழிந்தது.