ஆக்ஸ்போர்டு ஆல்மனாக்: நாட்காட்டியோடு கிடைக்கும் தாள்களைத் தேடி

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆண்டு நாட்காட்டித் தாளான ஆக்ஸ்போர்டு ஆல்மனாக் 1674இல் முதன்முதலில் அச்சாகி 2019 வரை வெளிவந்தது. சுவரில் மாட்டுவதற்கேற்ற பெரிய ஒற்றைத் தாளான அதன் மேற்பகுதியில் செதுக்குப்படமும் (உலோகத்தகட்டில் கோடுகளாகச் செதுக்கி அச்சிட்ட படம்), கீழ்ப்பகுதியில் அவ்வாண்டின் நாட்காட்டியும் இருக்கும். தொடக்ககாலத் தாள்களில் உருவகக் காட்சிகளே மிகுதி. கல்லூரிக் கட்டடங்களின் காட்சிகள் பின்னர்தான் நிலைபெற்றன. இரண்டையும் சேகரிக்க முயன்று, இப்போது 1799 முதல் 1811 வரையிலான காலத்தில் என் தேடலைக் குவித்திருக்கிறேன். அக்காலத் தாள்களுக்காக ஆங்கில ஓவியர் ஜே. எம். டபிள்யூ. டர்னர் ஓவியங்கள் வரைந்தார். அவற்றைச் செப்புத்தகட்டில் செதுக்கியவர்கள் பஸயர் குடும்பத்தார். மெர்ட்டன் கல்லூரித் தேவாலயத்தின் உட்புறத்தைக் காட்டும் 1802ஆம் ஆண்டுத் தாளில், நீர்வண்ணத்தில் கரைந்து பரவும் ஒளியை வெறும் கோடுகளின் நெருக்கத்தாலும் இடைவெளியாலும் கொண்டுவந்திருப்பதைப் பார்க்கும்போது, செதுக்கியவரின் பெயரையும் ஓவியரின் பெயருக்கு இணையாகவே சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது.

கடைகளில் கிடைப்பவற்றுள் பல, படச்சட்டத்தில் பொருத்துவதற்காக நாட்காட்டி வெட்டி நீக்கப்பட்டவை. படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அத்தகைய தாளை இப்போது நான் வாங்குவதில்லை. நாட்களும் பல்கலைக்கழகப் பொறுப்பாளர்களின் பெயர்களும் போய்விட்டால் அது ஆல்மனாக் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. 1711 முதல் 1834 வரை பிரிட்டனில் ஆல்மனாக்குகளுக்கு முத்திரைவரி இருந்ததால், அக்காலத் தாளில் வரி முத்திரையைக் கண்டால் எனக்குத் தனி மகிழ்ச்சி.

வாங்குமுன் உருப்பெருக்கியால் கோடுகளைப் பார்க்கிறேன். செப்புத்தகட்டு அச்சில் கோடு முறியாமல் ஓடும், மை சற்றே மேடாக நிற்கும். பிற்காலப் புகைப்பட நகல்களில் பெரும்பாலும் சிறு புள்ளிகளே தெரியும். செம்பு மென்மையான உலோகமாதலால் அச்சிட அச்சிடத் தகடு தேயும். ஆகவே நிழற்பகுதிகள் ஆழ்ந்த கருமையோடு இருக்கும் பிரதியையே தேர்ந்தெடுக்கிறேன்.

வந்துசேர்ந்த தாள்களைப் பழைய அட்டைகளிலிருந்து பிரித்து, அமிலமற்ற உறைகளில் படுக்கைவாக்கில் வைத்துவருகிறேன். பசைநாடா ஒட்டிய தாள்களைக் காகிதப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுத்திருக்கிறேன்.

அடுத்துத் தேடுவது 1752ஆம் ஆண்டுத் தாள். அவ்வாண்டு பிரிட்டன் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியதால் செப்டம்பர் 2ஆம் நாளுக்கு மறுநாள் 14ஆம் நாளாயிற்று. அந்தச் செப்டம்பர்ப் பகுதி வெட்டுப்படாமல் இருக்கும் பிரதி கிடைத்தால், படம் மங்கியிருந்தாலும் வாங்கிவிடுவேன்.