கிளென்காரி ஹைலேண்ட் விளையாட்டுகள்

கனடாவில் இருப்பவர்கள் யாராவது ஒண்டாரியோவின் மேக்ஸ்வில் பக்கம் கோடையில் போக முடிந்தால், கிளென்காரி ஹைலேண்ட் விளையாட்டுகள் என்ற ஸ்காட்லாந்துப் பாரம்பரிய விளையாட்டு, இசை விழாவைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். சின்ன ஊர்தான். 1948-இல் அன்றைய பிரதமர் மெக்கன்சி கிங் தொடங்கிவைத்த இந்த விழாவை, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்து வந்து காட்டைத் திருத்திக் குடியேறியவர்களின் வாரிசுகள் இன்னமும் விடாமல் நடத்துகிறார்கள்.

எனக்கு உயிர் கேபர் எறிதல். ஆளைவிடப் பலமடங்கு நீளமான மரத்தண்டை நட்டுக்குத்தாக நிமிர்த்தி, அடிப்பகுதியை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி, கொஞ்ச தூரம் ஓடி, ஒரே மூச்சில் மேலே தூக்கி வீசுவார்கள். எவ்வளவு தூரம் போனது என்று யாரும் அளப்பதில்லை! மேல்நுனி தரையில் ஊன்றி, மரம் அப்படியே புரண்டு, வீசியவருக்கு நேர் எதிரே, கடிகாரத்தில் 12 மணி இருக்கும் திசையில் விழ வேண்டும், அவ்வளவுதான். முரட்டு பலத்துக்கு நடுவே இப்படி ஒரு நுணுக்கத்தைத் தேடும் விளையாட்டை நான் வேறு பார்த்ததில்லை.

அப்புறம் பேக்பைப், அதாவது காற்றுப்பையோடு இணைந்த ஸ்காட்லாந்துக் குழல் வாத்தியம். போட்டிக்கு வந்த குழுக்கள் எல்லாம் மைதானத்தில் ஒன்றுசேர்ந்து வாசிக்கும்போது நெஞ்சுக்கூடே அதிரும். சாயங்காலம் வரை இருந்து அதைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.