மெமரி ஹாட்பிளக் சீட்டு: முதல் தடவை விழுந்தது எங்கே, இரண்டாவது தடவை தேறியது எப்படி

நேற்று மாலை ரிசல்ட் வந்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் லேப் அரியர் கிளியர். அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்ன கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அடுத்த செமஸ்டர் லேப் தேர்வில் மெமரி ஹாட்பிளக் (ஓடும் மெஷினை நிறுத்தாமலே ரேமைச் சேர்ப்பது, எடுப்பது) கேள்விச் சீட்டு யார் கையில் விழுகிறதோ, அவர்களுக்காக.

தேர்வு எப்படி நடக்கும், மார்க் எப்படிப் பிரியும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் விழுந்த இடத்தை மட்டும் சொல்கிறேன். லினக்ஸ் கெர்னலில் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) மெமரியைச் சேர்ப்பது வேறு, அதை ஆன்லைன் செய்வது, அதாவது புழக்கத்துக்கு விடுவது, வேறு. இதைப் படித்திருந்தேன், ஆனால் கண்ணால் பார்த்ததில்லை.

நவம்பரில் எனக்கு வந்த சீட்டு இது: 1 ஜிபி ரேமில் ஓடும் விர்ச்சுவல் மெஷினில், அதை நிறுத்தாமலே 4 ஜிபி சேர்த்துக் காட்ட வேண்டும். விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் கியூஎமுவின் மானிட்டரில் மெமரி பேக்எண்டை (ரேமுக்கான இடம்) உருவாக்கி, பிசி-டிம்மை (மெஷினுக்குள் தெரியும் போலி ரேம் குச்சி) செருகினேன். எர்ரர் எதுவும் வரவில்லை. உள்ளே போய், மெமரி கணக்கைக் காட்டும் ஃப்ரீ கமாண்ட் அடித்தேன். மொத்த மெமரி கொஞ்சமும் ஏறவில்லை. காலியாக இருந்தது மட்டும் அறுபது எம்பிக்கு மேல் இறங்கியிருந்தது. 4 ஜிபி போட்ட பிறகு கையில் இருந்ததும் குறைகிறது! எதையோ கெடுத்துவிட்டேன் என்று பயந்து ரீபூட் செய்தேன். வந்த பிறகும் அதே நிலைதான். அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது.

எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) மேடம் வந்து திரையைப் பார்த்தார்.

"ஏன் குறைஞ்சிருக்கு?"

"கேஷா இருக்கும் மேடம்."

"ஒரு ஸ்ட்ரக்ட் பேஜ் எத்தனை பைட்?"

எனக்குத் தெரியவில்லை. அவர் திட்டவில்லை. பேப்பரில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்த அமைதி ரொம்ப நாள் உறுத்தியது.

வீட்டில் பத்துத் தடவையாவது செய்து பார்த்த வேலை அது. ஆனால் என் லேப்டாப்பில் இருந்த கெர்னல், சேர்த்த மெமரியைத் தானே ஆன்லைன் செய்துவிடும். லேப் கெர்னலில் அது ஆஃப்லைனாக அமைந்திருந்தது. சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் அமைப்புகளை ஃபைல்களாகக் காட்டும் இடம்) மெமரி டைரக்டரிக்குள் ஆட்டோ ஆன்லைன் பிளாக்ஸ் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. லேப்பில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைத் திறந்து பாருங்கள். வீட்டில் பயிற்சி எடுக்கும்போது அதில் ஆஃப்லைன் என்று எழுதிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சரி, அந்த அறுபத்துச் சொச்சம் எம்பி எங்கே போனது? 64 பிட் எக்ஸ்86 கெர்னலில் ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் ஒரு ஸ்ட்ரக்ட் பேஜ், அதாவது அந்தப் பக்கத்தைப் பற்றிய குறிப்பு, உண்டு. பொதுவாக அதன் அளவு 64 பைட். 4 ஜிபியில் 10,48,576 பக்கங்கள். 64 ஆல் பெருக்கினால் சரியாக 64 எம்பி. இந்தக் கணக்குப் புத்தகத்துக்கு மெம்மேப் என்று பெயர். மெமரியைச் சேர்க்கும்போதே இது முழுவதும் தயாராகிவிட வேண்டும். புது மெமரி இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை என்பதால் அதற்கான இடம் பழைய 1 ஜிபியிலிருந்துதான் போகும். இன்னும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதே மெஷினில் 64 ஜிபியை ஒரேயடியாகச் சேர்த்தால் மெம்மேப் மட்டுமே 1 ஜிபி கேட்கும். இருப்பதே 1 ஜிபிதான், சேர்க்கும் வேலையே தோற்றுவிடும். இதற்காகத்தான் 2021இல் 5.13 கெர்னலில் மெம்மேப் ஆன் மெமரி வசதி வந்தது. கெர்னல் மெமரியை பிளாக் என்ற துண்டுகளாகத்தான் ஆன்லைன், ஆஃப்லைன் செய்யும்; புது பிளாக்கின் தலையிலேயே அதன் மெம்மேப்பை வைத்துக்கொள்ளலாம். 128 எம்பி பிளாக்கில் 2 எம்பி அதற்குப் போக 126 எம்பி மிஞ்சும். இது தானாக இயங்காது, பூட் பாராமீட்டரில் கேட்டு வாங்க வேண்டும். தொடக்கத்தில், சேர்க்கும் அளவு ஒரு பிளாக்குக்குச் சமமாக இருந்தால்தான் இது வேலை செய்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் பேப்பரில் போட்டால்தான் மண்டையில் ஏறும் ரகம். 1, 2, 4, 16, 64 ஜிபிக்கு எத்தனை பிளாக், எத்தனை பக்கம், மெம்மேப் எவ்வளவு என்று ஒரு அட்டவணை போட்டு, தினமும் காலையில் காப்பி குடிக்கும்போது பார்க்காமல் எழுதிப் பார்த்தேன். சோர்ஸ் கோடு வாசித்தே பிடித்துக்கொள்ளும் ஆட்கள் ஆட் மெமரி ஃபங்ஷனில் தொடங்கி ஆன்லைன் பேஜஸ் வரை போய்ப் பாருங்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை.

அடுத்தது ஜோன், அதாவது எந்த மெமரியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கெர்னல் பிரித்து வைக்கும் பகுதி. சேர்த்ததைத் திரும்ப எடுக்கச் சொன்னால் உயிர்நாடி இதுதான். ஆன்லைன் செய்யும்போது பிளாக்கை நார்மல் ஜோனில் விட்டால் கெர்னல் தன் ஸ்லாப் (தன் சொந்தத் தரவுகளுக்கான இடம்), பேஜ் டேபிள் (முகவரி அட்டவணை) எல்லாவற்றையும் அதற்குள் வைக்க ஆரம்பித்துவிடும். அவற்றை இடம் மாற்ற முடியாது. பிறகு ஆஃப்லைன் என்று எழுதினால் டிவைஸ் பிஸி என்று திருப்பி அடிக்கும். மூவபிள் ஜோனில் விட்டால் இடம்பெயரக்கூடிய பக்கங்கள்தான் உள்ளே வரும். அவற்றை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு பிளாக்கைக் காலி செய்துவிடலாம், நகர்த்துவதற்கு வேறு எங்காவது காலி இடம் இருந்தால்.

அப்படியானால் எல்லாவற்றையும் மூவபிளில் போட்டுவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்படிச் செய்தால் பேஜ் டேபிளுக்குக்கூட நார்மல் ஜோனில் இடம் இல்லாமல், ஏகப்பட்ட மெமரி காலியாக இருக்கும்போதே ஊம் கில்லர் (மெமரி போதாதபோது புரோகிராம்களைக் கொல்லும் கெர்னல் பகுதி) எழுந்துவிடும். மூவபிள் மூன்று பங்கு, கெர்னல் ஜோன் ஒரு பங்கு என்ற அளவு பெரும்பாலும் பிரச்சினை தராது. எந்த ஜோனில் விடுவது என்று தானே முடிவு செய்யும் கெர்னலின் ஆட்டோ மூவபிள் பாலிசியும் ஏறத்தாழ இதே விகிதத்தில்தான் வருகிறது, இயல்பு மதிப்பு 301 சதவீதம்.

வைவாவில் என்னிடமும் நண்பர்களிடமும் கேட்டவை, வந்த வரிசையில்:

- பிளாக் அளவு எங்கே தெரியும்? பிளாக் சைஸ் பைட்ஸ் ஃபைலில். அது ஹெக்ஸில் இருக்கும். 8000000 என்று பார்த்ததும் எண்பது லட்சம் என்று சொல்லிவிடாதீர்கள், அது 128 எம்பி. ரேம் நிறைய உள்ள மெஷினில் பிளாக் 2 ஜிபி வரை போகலாம்.
- ரிமூவபிள் ஃபைலில் 1 இருந்தால் அந்த பிளாக்கை எடுத்துவிட முடியுமா? முடியும் என்று அர்த்தம் இல்லை. ஆஃப்லைன் வசதி கெர்னலில் இருக்கிறது என்பதை மட்டுமே இப்போது அது சொல்கிறது. பழைய நோட்ஸில் வேறு மாதிரி இருக்கும், நம்பாதீர்கள்.
- அப்புறம் எதைப் பார்ப்பது? வேலிட் ஜோன்ஸ் ஃபைல். ஆஃப்லைன் பிளாக்கில் முதலாவதாக வரும் பெயர்தான் இயல்பாகப் போகும் ஜோன்.
- ஒரு பிஎஃப்என் (பக்கத்தின் எண்) வேலிட் என்று வந்தால் ஸ்ட்ரக்ட் பேஜைத் தொடலாமா? கூடாது. அது இருக்கும் செக்ஷன் (மெமரித் துண்டு) ஆன்லைனில் இல்லையென்றால் அதற்குள் குப்பை இருக்கலாம். பிஎஃப்என் டு ஆன்லைன் பேஜ் என்ற ஃபங்ஷன் வழியாகத்தான் போக வேண்டும்.
- ஆஃப்லைன் கமாண்ட் முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தால்? சிக்னல் வரும்வரை கெர்னல் முயன்றுகொண்டே இருக்கலாம். டைம்அவுட் கமாண்டோடு சேர்த்து ஓட்டுங்கள்.
- விர்ச்சுவல் மெஷினுக்கு பிசி-டிம் இருக்கும்போது விர்ட்டியோ-மெம் எதற்கு? டிம்மை எடுத்தால் முழுதாகத்தான் எடுக்க முடியும், ஒரு பிளாக் அடம்பிடித்தாலும் மொத்தமும் நிற்கும். விர்ட்டியோ-மெம் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கூட்டும், குறைக்கும். 2020இல் 5.8 கெர்னலில் வந்தது.

ஏப்ரலில் வந்த சீட்டு: 2 ஜிபி சேர், பயன்படுத்து, திரும்ப எடு. எக்ஸ்டர்னல் அதே மேடம். என்னை ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. டிம்மைச் செருகும் முன்பே ஃப்ரீ அடித்து, காலி மெமரியை ரஃப் பேப்பரில் குறித்துக்கொண்டேன். பக்கத்திலேயே "32 எம்பி குறையும்" என்றும் எழுதி வைத்தேன். செருகினேன், குறைந்தது. மெமரி32 முதல் மெமரி47 வரை 16 பிளாக்குகள் ஆஃப்லைனில் வந்து நின்றன. எல்லாவற்றையும் மூவபிளில் ஆன்லைன் செய்தேன், மொத்தம் 2 ஜிபி ஏறியது. ஒரு பெரிய அர்ரேயை நிரப்பும் புரோகிராமை ஓடவிட்டு, அது ஓடும்போதே மெமரி47ஐ ஆஃப்லைன் செய்தேன். மொத்தத்தில் 128 எம்பி இறங்கியது, புரோகிராம் நிற்கவில்லை.

மேடம் ரஃப் பேப்பரை எடுத்துப் பார்த்தார். "மொத்த பிளாக்கையும் ஆஃப்லைன் பண்ணிட்டா இந்த 32 எம்பி திரும்பி வந்துடுமா?"

"வராது மேடம். ஆஃப்லைன்ல இருந்தாலும் மெம்மேப் அப்படியேதான் இருக்கும். டிம்மையே எடுத்தாதான் வரும்."

"எடுத்துக் காட்டுங்க."

புரோகிராமை நிறுத்திவிட்டு, மானிட்டரில் டிவைஸ் டெல் கொடுத்தேன். மீதி 15 பிளாக்குகளையும் கெர்னலே ஆஃப்லைன் செய்தது. சிஸ்எஃப்எஸ்ஸிலிருந்து அந்தப் பதினாறும் மறைந்தன. ஃப்ரீ அடித்தேன். பேப்பரில் முதலில் குறித்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.